நாடக மேடை தந்த நடிகவேள்

ஆண்டிமடம் கடைத்தெருவில் சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுது. முந்திரிக் காட்டு வேலை முடிந்து வந்த தோழர்கள் சிலருடன் தேநீர்க் கடைப் பெஞ்சியில் அமர்ந்திருந்தோம். மழை, முந்திரி விலை, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்று பேச்சு போய்க் கொண்டிருந்தது. இடையே ஓர் இளந்தோழர் தம் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். அதிலே எம்.ஆர்.ராதா! கரகரத்த அந்தக் குரல் திடீரென்று கீச்சுக் குரலாக ஏறுகிறது. ஏறிய வேகத்திலேயே இறங்குகிறது. கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தனர். தேநீர் ஆற்றிக் கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அந்த இளந்தோழர், எம்.ஜி.ஆரைச் சுட்டவர் இவர்தானே என்று கேட்டார். ஆம் என்றோம். வேறு என்ன செய்தார் என்று அடுத்த கேள்வி வந்தது. 75 வயதைத் தாண்டிய தோழர் ஒருவர், சிறுவனாகத் தகப்பனார் தோளில் ஏறி டெண்ட்டுக் கொட்டகைக்குப் போய், மணலைக் குவித்து உட்கார்ந்து 'ரத்தக் கண்ணீர்' பார்த்த கதையைச் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஒரு மனிதர் 72 ஆண்டுகள் வாழ்ந்தார். அதிலே 60 ஆண்டுக்கு மேல் அரிதாரம் பூசினார். இன்றைய பிள்ளைகளுக்கு எஞ்சியிருப்பது என்ன? நாலு நகைச்சுவைத் துணுக்கும் ஒரு துப்பாக்கியும்! இது நியாயமா? இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிற ஒரு பெரிய உழைப்பாளியின் வாழ்க்கையை நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

சுமை தூக்கிய சிறுவன்

1907 ஏப்ரல் 14-ல் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர் ராதா. ராதாகிருஷ்ணன் என்பது முழுப் பெயர். தந்தை ராஜகோபால் பட்டாளத்துக்காரர். முதல் உலக மகா யுத்தத்தில் உயிரிழந்தவர். வெள்ளைக்காரன் சண்டைக்கு நம் நாட்டு ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலியான காலம் அது. கணவனை இழந்த தாய், பிள்ளைகளை வைத்துக் கொண்டு பட்ட பாட்டை நாம் எழுதிக் காட்ட வேண்டுவதில்லை. உழைப்பாளி வீடுகளில் இன்றும் அதைக் காணலாம்.

சோற்றுத் தட்டில் இன்னொரு துண்டு மீன் கேட்டான் பையன். இல்லை என்றாள் தாய். கோபித்துக் கொண்டு வெளியேறியவன் போய்ச் சேர்ந்த இடம் எழும்பூர் ரயில் நிலையம். அங்கே வந்த ஒருவருக்குக் கூலிக்குச் சுமை தூக்கினான். அவர் ஆலந்தூரைச் சேர்ந்த நாடகக் கம்பெனிக்காரர். பையனின் துடுக்கைப் பார்த்துத் தம்மோடு அழைத்துப் போனார். கூலிக்குத் தூக்கிய அந்தச் சுமைதான் அவரை நாடகத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது.

அந்நாளைய பாய்ஸ் கம்பெனி என்றால் இன்றைய தோழர்களுக்குத் தெரியாது. ஏழை வீட்டுப் பிள்ளைகளை வாங்கி வைத்துக் கொண்டு, சோறு போட்டு, அடித்துப் பழக்கி, ஊர் ஊராகக் கொண்டு போய் ஆட வைத்த அமைப்பு அது. விடிந்ததும் பாட்டுப் பாடம், பிறகு வசனப் பாடம், இரவெல்லாம் நாடகம். படுக்கை கொட்டகையிலேயே. தப்பு வந்தால் வாத்தியாரின் பிரம்பு பேசும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்கள் பிரிந்திருக்கும். குரல் இனிமையாக இருக்கும் மட்டும் பையனுக்கு மதிப்பு. பருவம் வந்து மகரக்கட்டு உடைந்து குரல் கரகரத்தால் ராஜபார்ட்டும் போயிற்று, மரியாதையும் போயிற்று!

இப்படிப்பட்ட கம்பெனிகளிலிருந்துதான் பி.யு.சின்னப்பா வந்தார், கலைவாணர் வந்தார், எம்.ஜி.ஆர். வந்தார், சிவாஜி கணேசன் வந்தார். ராதா மதுரை ஜெகந்நாத அய்யர் கம்பெனி முதலியவற்றில் பழகியவர். அவருக்குப் பாட்டு பெரிதாக வரவில்லை. அழகுப் பொம்மை முகமும் இல்லை. வந்ததெல்லாம் நாக்கும் நெஞ்சழுத்தமும்தான். அதை வைத்துக் கொண்டே மேடையை ஆளக் கற்றுக் கொண்டார்.

பாட்டுக் காலம் தள்ளி வைத்தது

தமிழ்ப் பேசும் படம் 1931-ல் 'காளிதாஸ்' படத்தோடு தொடங்கியது. பேசும் படம் என்று பெயர்தான். உண்மையில் அது பாடும் படம். ஒரு படத்துக்கு நாற்பது ஐம்பது பாட்டு. எம்.கே.தியாகராஜ பாகவதர் வாய் திறந்தால் கொட்டகை மயங்கும். பாடத் தெரிந்தவனே கதாநாயகன். பேசத் தெரிந்தவனுக்கு அங்கே என்ன வேலை?

ராதா முதலில் சினிமாவுக்குப் போனது அந்தக் காலத்தில்தான். 1937-ல் 'ராஜசேகரன்' படத்தில் நடித்தார். அப்போது வயது 30. தொடர்ந்து ஒரு சில படங்கள். அவற்றால் பேரும் வரவில்லை, வாழ்வும் வரவில்லை. சினிமா அவரைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தாலும் பயன்படுத்தத் தெரிந்திருக்காது. அவரிடம் இருந்த சரக்கு வேறு, அன்று சந்தையில் விலைபோன சரக்கு வேறு.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? ஸ்டூடியோ வாசலிலேயே கிடந்திருப்பார். முதலாளிமார் காலைப் பிடித்திருப்பார். மூன்றாம் வேடம் நான்காம் வேடம் என்று தேய்ந்திருப்பார். ராதா அப்படிச் செய்யவில்லை. சினிமாவுக்கு முதுகைக் காட்டிவிட்டு நாடகத்துக்கே திரும்பினார். பத்தாண்டுக்கு மேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பத்தாண்டுதான் அவரை ஆக்கிற்று என்பது நம் கருத்து.

மேடையே கோட்டை

'இழந்த காதல்' நாடகத்தில் அவருக்கு வில்லன் வேடம். ஒரு காட்சி முழுவதும் மக்களுக்கு முதுகைக் காட்டி நின்று கொண்டே பேசி நடிப்பார் என்று அந்நாடகத்தைப் பார்த்த பெரியவர்கள் சொல்வதுண்டு. முகத்தைக் காட்டாமல் கூட்டத்தைக் கட்டிப் போட எத்தனை பேரால் முடியும்? அந்த ஒரு காட்சிக்காகவே மக்கள் திரும்பத் திரும்ப வந்தார்களாம்.

தந்தை பெரியாரின் கருத்துகள் ராதாவைப் பற்றிக் கொண்ட பிறகு அவருடைய நாடகம் வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. 'விமலா', 'லட்சுமிகாந்தன்', 'போர்வாள்', 'தூக்குமேடை' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'தூக்குமேடை'யை எழுதியவர் மு.கருணாநிதி. அவரைக் கலைஞர் என்று அழைத்துப் பெருமைப்படுத்தியவர் ராதா. அந்தப் பெயரே பிறகு நாடறிந்த பெயராக நிலைத்தது.

திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'ரத்தக் கண்ணீர்' 1949-ல் மேடை ஏறியது. ஆயிரக்கணக்கான முறை நடந்தது. ஆனால் ஒரு நாள் நாடகம் மறுநாள் நாடகம் போல இருக்காது. காலைப் பத்திரிகையில் வந்த செய்தி மாலையில் ராதாவின் வாயில் வசனமாகிவிடும். மந்திரியின் பேச்சு, மடாதிபதியின் கூத்து, உள்ளூர்ப் பணக்காரனின் அட்டகாசம் எதுவும் தப்பாது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு அது நாடகமும் ஆயிற்று, பத்திரிகையும் ஆயிற்று. எதிர்ப்பாளர்கள் கூச்சல் போட்டால் அந்தக் கூச்சலுக்கும் வேடத்தை விட்டு இறங்காமலே பதில் சொல்வார்.

வைதீகர்கள் சும்மா இருப்பார்களா? 'இராமாயணம்' நாடகத்தை அவர் போட்டபோது பெரும் கொந்தளிப்பே எழுந்தது. மனம் புண்படும் என்று எண்ணுபவர்கள் தயவு செய்து வர வேண்டாம், அவர்கள் காசு எமக்கு வேண்டாம் என்று ராதாவே அறிவிப்புச் செய்தார். வரவேண்டாம் என்ற பிறகும் வந்து புண்பட்டுக் கொண்டவர்களை என்னவென்பது! தடை வந்தது, போலீஸ் வந்தது, கைது வந்தது. கலைகளைக் கட்டிப் போட வெள்ளைக்காரன் 1876-ல் ஒரு நாடகச் சட்டம் செய்து வைத்திருந்தான். சுதந்திர சர்க்கார் 1954-ல் சென்னை ராஜ்யத்துக்கென்று தனியாக ஒரு நாடகச் சட்டமே செய்தது. ராதாவின் வாயை அடைக்கவே அது வந்தது என்று அன்று பேசாதவர் இல்லை. அந்தச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் தள்ளுபடி செய்தது. ராதா இறந்து 33 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு! தாமதமாக வந்தாலும் அதை அவருக்குக் கிடைத்த வெற்றி என்றே நாம் எழுதி வைப்போம்.

சினிமா தேடி வந்தது

இதற்குள் சினிமாவில் காற்று மாறிவிட்டது. 1949-ல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' வந்தது. 1952-ல் கலைஞரின் 'பராசக்தி' வந்தது. பாட்டுக் கேட்க வந்த கூட்டம் பேச்சுக் கேட்க வரத் தொடங்கிற்று. பாடுகிறவனுக்குப் பதிலாகப் பேசுகிறவன் தேவைப்பட்டான். அப்போதுதான் படமுதலாளிகளுக்கு ராதாவின் நினைவு வந்தது.

'பராசக்தி'யை எடுத்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியாரே 'ரத்தக் கண்ணீரை'யும் படமாக்க முன்வந்தார். டைரக்டர்கள் கிருஷ்ணன்-பஞ்சு. 1930-களில் 'நந்தனார்' படத்துக்குக் கே.பி.சுந்தராம்பாள் லட்சம் ரூபாய் வாங்கியது நாடறிந்த செய்தி. அதற்கு மேலே ஓர் இருபத்தைந்தாயிரம் வைத்தால்தான் வருவேன் என்றாராம் ராதா. அதைவிட முக்கியம், நாடகத்தை ஒரு நாளும் நிறுத்த மாட்டேன், நாடகம் இல்லாத நேரத்தில்தான் படப்பிடிப்பு என்று சொன்னது. சினிமாவுக்காக ஏங்கி நிற்பவன் இப்படிப் பேச முடியுமா? கையிலே தொழிலும் பின்னாலே மக்களும் இருப்பவனே பேச முடியும். கூலி பேசும்போது தலை நிமிர்ந்து பேசுவதற்கு எது பலம் என்பதைத் தொழிலாளித் தோழர்கள் இதிலிருந்து அறியலாம்.

1954 தீபாவளிக்குப் படம் வந்தது. ராதாவுக்கு அப்போது வயது 47. சீமைக்குப் போய் வந்த செருக்கிலே தாயையும் மனைவியையும் எட்டி உதைத்து, காந்தா என்ற தாசியிடம் சொத்தையெல்லாம் தொலைத்து, தொழுநோய் பீடித்துத் தெருவில் பிச்சை எடுக்கும் மோகனசுந்தரம் வேடம். காந்தாவாக எம்.என்.ராஜம் நடித்தார், மனைவியாக ஸ்ரீரஞ்சனி, நண்பன் பாலுவாக எஸ்.எஸ்.ராஜேந்திரன். கடைசியில் தன் மனைவியை நண்பனே மறுமணம் செய்து கொள்ள வேண்டும் என்று மோகனசுந்தரம் வேண்டுகிறான். கணவன் எப்படிப்பட்டவனானாலும் அவன் காலடியே கதி என்று படம் எடுத்துக் கொண்டிருந்த காலத்திலே, பெண்ணுக்கும் மறுவாழ்வு உண்டு என்று வெள்ளித்திரையில் துணிந்து சொன்ன படம் அது.

ஒன்றை மட்டும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். செய்த பாவத்துக்குக் கூலிதான் தொழுநோய் என்ற எண்ணத்தை அந்தக் கதை மாற்றவில்லை. வளர்த்தது என்றுகூடச் சொல்லலாம். அது ஒரு கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-லேயே கண்டு சொல்லிவிட்டார். 1981 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்துகளால் அது முழுக்கக் குணமாகிறது. அந்நோய்க்கும் ஒழுக்கத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பகுத்தறிவு பேசுகிற நாம் நம்மவர் படம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியம் ஆகாது.

47 வயதில் இப்படி ஒரு வாழ்வு வருவது உலகத்தில் இல்லாத புதுமை அல்ல. ஸிட்னி கிரீன்ஸ்ட்ரீட் என்ற ஆங்கில நடிகர் நாற்பது ஆண்டுக் காலம் நாடகமே கதி என்று இருந்தவர். 1941-ல் 'மால்டீஸ் ஃபால்கன்' என்ற படத்தில் தலைகாட்டியபோது அவருக்கு வயது 61. முதல் படத்துக்கே ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அமெரிக்காவானால் என்ன, அரியலூரானால் என்ன, மேடையிலே பழுத்தவன் எந்த வயதில் போனாலும் கேமராவுக்கு அஞ்சமாட்டான்.

வில்லன் வாயில் விவேகம்

அதன் பிறகு ராதா இல்லாத படம் எது என்று கேட்கும் நிலை வந்தது. 1961-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்', 'குமுதம்', 'நல்லவன் வாழ்வான்', 'தாய் சொல்லைத் தட்டாதே'. ஒரே ஆண்டில் இத்தனை! சிவாஜி படமா, ராதா உண்டு. எம்.ஜி.ஆர். படமா, அங்கும் ராதா உண்டு. இரண்டு நட்சத்திரங்களின் ரசிகர்களும் கொட்டகைக்கு வெளியே அடித்துக் கொண்டார்கள். கொட்டகைக்கு உள்ளே ராதா வந்ததும் சேர்ந்து கைதட்டினார்கள்.

'பாவ மன்னிப்பு' ஆளவந்தாரை மறக்க முடியுமா? ஊருக்குப் பெரிய மனிதர், உள்ளே கொலைகாரர். பெற்ற பிள்ளை யாரென்று தெரியாமல் அவன் முகத்திலேயே திராவகம் வீசுகிற கொடுமை. ஆனால் அந்தக் கொடுமைக்காரனைப் பார்த்து நாம் பயப்படுவதற்கு முன்னே சிரித்துவிடுகிறோம். சிரித்த பிறகு யோசிக்கிறோம். அந்தப் படத்தில் ராதாவோடு மல்லுக்கு நின்ற சிவாஜி கணேசன், பையனாக நாடகக் கம்பெனியில் இருந்த நாளில் ராதாவை மூத்தவராகக் கண்டு அவர் அரவணைப்பில் வளர்ந்தவர். 1962-ல் 'பலே பாண்டியா'வில் இருவரும் சேர்ந்து அடித்த கொட்டம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. சிவாஜிக்கு மூன்று வேடம், ராதாவுக்கு இரண்டு வேடம். ஒரு கம்பெனியில் வளர்ந்தவர்கள் இல்லாவிட்டால் அந்த இழைவு வந்திருக்காது. 1966-ல் வந்த 'சித்தி'யில் இளம் பெண்ணை மணக்கும் வயோதிகப் பணக்காரராக வந்தார். வெறுக்கத் தக்க அந்த மனிதரிடத்திலும் ஒரு பாவம் தெரியும்படி நடித்தார்.

இங்கே ஒரு சூட்சுமத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். சாமியார்களின் புரட்டையும் சாதித் திமிரையும் சடங்குப் பித்தலாட்டத்தையும் கதாநாயகன் பேசினால் அதற்குப் பிரச்சாரம் என்று பெயர். தணிக்கைக்காரர் கத்திரியை எடுப்பார். வில்லன் பேசினால் வேடிக்கை என்று விட்டுவிடுவார்கள். ராதா அந்த இடுக்கைக் கண்டுபிடித்தார். பட்டை போட்டுக் கொண்டு கோவிலுக்குப் போகிற பணக்காரனாகத் தாமே வேடம் கட்டி, அந்தப் பணக்காரனின் வாயாலேயே அவன் யோக்கியதையை அவிழ்த்துக் காட்டினார். மக்கள் திட்டியது ராதாவை அல்ல. தங்கள் ஊரில் தாங்கள் தினம் பார்க்கிற ஆளவந்தார்களை! குணச்சித்திர நடிகர் என்ற சொல்லுக்கு இதைவிட என்ன பொருள் வேண்டும்?

அத்தனை பணம் வந்த பிறகும் பகட்டு அவரிடம் ஒட்டவில்லை. விலை உயர்ந்த காரிலே மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக் கொண்டு போனார் என்று ஒரு கதை சொல்லுவார்கள். வண்டி என்றால் சுமை ஏற்றத்தானே! எழும்பூரில் சுமை தூக்கிய பையன் அவருக்குள் கடைசி வரை உயிரோடு இருந்தான்.

ஒரு நாளின் நிழல்

1967 ஜனவரி 12. சென்னை இராமாவரத்தில் எம்.ஜி.ஆரின் இல்லத்திலே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. ராதாவும் குண்டடி பட்டார். இருவரும் பிழைத்தது பெரும் பேறு. எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக் கொண்டார் என்று ராதாமீது வழக்கு நடந்தது. செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டு 7 ஆண்டு கடுங்காவல் விதித்தது. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1971-ல் வெளியே வந்தார்.

இதை நாம் நியாயப்படுத்த மாட்டோம். எந்தச் சச்சரவாக இருந்தாலும் துப்பாக்கி அதற்கு வழியல்ல. நாவொன்றையே ஆயுதமாக வைத்துக் கொண்டு சர்க்காரையும் சனாதனத்தையும் நடுங்க வைத்தவர், அன்று ஒரு நாள் அந்த ஆயுதத்தைக் கீழே போட்டார். அதற்கு அவர் விலை கொடுத்தார், எம்.ஜி.ஆரும் கொடுத்தார். சட்டம் விதித்த தண்டனையை ராதா அனுபவித்து முடித்தார். கணக்கு அங்கே தீர்ந்துவிட்டது.

தீர்ந்த கணக்கை இன்னும் நாம் திறந்து வைத்துக் கொண்டிருக்கிறோமே, அதுதான் நம் குறை. 26,000 நாட்களுக்கு மேல் வாழ்ந்த ஒரு மனிதரை ஒரே ஒரு நாளை வைத்து எடைபோடுகிறோம். வயலிலே ஒரு மூலை கருகியது என்பதற்காக விளைந்த நெல்லையெல்லாம் பதர் என்று சொல்லும் விவசாயி உண்டா?

மீண்டும் மேடைக்கே

சிறையிலிருந்து வந்தவருக்கு வயது 64. அந்த வயதில் மீண்டும் அரிதாரம் பூசினார். நாடகங்கள் போட்டார். 1974-ல் வந்த 'சமையல்காரன்' உள்ளிட்ட சில படங்களில் நடித்தார். பழைய வேகம் இல்லை. காலமும் மாறியிருந்தது. ஆனாலும் கொள்கை மாறவில்லை. பெரியாரை விட்டுப் பிரிந்தவர்கள் உண்டு, சேர்ந்தவர்கள் உண்டு. ராதா இருந்த இடத்திலேயே இருந்தார்.

1979 செப்டம்பர் 17-ல் திருச்சியில் கண்ணை மூடினார். 1879 செப்டம்பர் 17-ல் பிறந்த பெரியாரின் நூறாவது ஆண்டு நிறைவு நாள் அது. நாள் பார்ப்பதிலோ நட்சத்திரத்திலோ நமக்கு நம்பிக்கை இல்லை, அது தற்செயல்தான். ஆயினும் ஆண்டுதோறும் தலைவரின் பிறந்த நாளைக் கொண்டாடும்போது தொண்டரின் நினைவு நாளும் கூடவே வந்து நிற்கிறது. சென்னைப் பெரியார் திடலில் அவர் பெயரால் நடிகவேள் எம்.ஆர்.ராதா மன்றம் இருக்கிறது. அங்கே போகும் தோழர்கள் வாசலில் உள்ள பெயரை ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டு உள்ளே செல்லட்டும்.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது என்ன? சினிமா ராதாவை உண்டாக்கவில்லை. நாற்பது ஆண்டு நாடகக் கொட்டகையில் பட்டினியும் பிரம்படியும் கல்லடியும் தாங்கி விளைந்த விளைச்சலைத்தான் சினிமா வந்து அறுத்துக் கொண்டு போயிற்று. இன்று நம் இளைஞர்கள் விளைச்சலை மட்டும் பார்க்கிறார்கள். நாடகத்தைச் சினிமாவுக்கு ஏறும் ஏணி என்று நினைக்கிறார்கள். ஏறியதும் ஏணியை உதைத்துவிடுகிறார்கள். ராதாவோ புகழின் உச்சியிலும் ஏணியை விட்டுக் கால் எடுக்கவில்லை. அதனால்தான் இறங்க வேண்டி வந்தபோதும் அவருக்கு நிற்க ஓர் இடம் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. 40 வயது கடந்தால் போதும், இனி என்ன இருக்கிறது என்று சலித்துக் கொள்ளும் தோழர்கள் நம்மிடையே பலர். 47 வயது வரை ராதாவுக்கு நாடகக் கொட்டகை; அதற்குப் பிறகுதான் நாடு முழுவதும். செய்கிற வேலையைச் செம்மையாகச் செய்து கொண்டிருப்பவனுக்குக் காலம் பிந்தலாம். வராமலே போகாது என்று நாம் சொல்ல மாட்டோம். வராமல் போனவர்களும் ஆயிரம் பேர் உண்டு. அவர்களுடைய மேடைகளும் வீணாகவில்லை. அங்கே உட்கார்ந்து கேட்ட மக்களிடம் அது போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது.

ஆண்டிமடத்து இளந்தோழருக்கு நாம் அன்று சொல்லாமல் விட்ட பதில் இதுதான். அந்தக் கைப்பேசியை வைத்துவிட்டு, தோழர் நாலு பேரைச் சேர்த்துக் கொள்ளட்டும். பள்ளிக்கூடத் திடலிலோ களத்து மேட்டிலோ ஒரு படுதாவைக் கட்டட்டும். தம் ஊர்க் கதையைத் தாமே எழுதி ஒரு நாடகம் போடட்டும். அன்று நாமும் வந்து முன்வரிசையில் மணலைக் குவித்து உட்காருவோம்.